நெற்றியில் ஒட்டிய மெமரி கார்டு

"படத்தைப் போட்டுப் பாருங்க, மாஸ்டர்."

இதை மட்டும் கேட்கவே கூடாது. வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். மாஸ்டர் பிரென்ட் கோல்ஸ்டாட் யார் படத்தையும் பார்க்க மாட்டார். மெமரி கார்டை நெற்றியில் ஒட்டிக்கொள்வார், கண்ணை மூடுவார், இணையத்தில் ஓடுமா ஊத்திக்கொள்ளுமா என்று சொல்லிவிடுவார். "அல்காரிதம் மட்டும் உங்க படத்தை உக்காந்து பாக்குதா என்ன?" என்பார். கூட்டம் கைதட்டும். நானும் தட்டினேன்.

ஃபிரெஸ்னோ நகரத்து ஓட்டல் மண்டபத்தில் நிற்க இடமில்லை. பார்பிக்யூ வீடியோ போடுபவர், பூனைக்குச் சட்டை தைத்துக் காட்டுபவர், வீட்டு கராஜில் பேய்ப்படம் எடுக்கும் பல் டாக்டர். எல்லோர் கழுத்திலும் சிவப்புக் கயிறு, அதில் கார்டு. அல்காரிதத்துக்குச் சிவப்புதான் பிடிக்குமாம். எங்கள் பராகான் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான், யெசேனியா. படித்தது புள்ளியியல். தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் சித்தியைக் கேலி செய்துவிட்டு, இங்கே கயிறு கட்டிக்கொண்டு நின்றேன்.

என் படம், அம்மா கார் ஓட்டப் பழகிய கதை. "வயசான முகம் வந்தா சேனல் மூழ்கும்" என்று மாஸ்டர் தன் வீடியோவில் சொல்லியிருந்தார். அம்மாவை வெட்டிவிட்டுக் காரை மட்டும் வைப்பதா? அவளுக்கே இன்னும் படத்தைக் காட்டவில்லை. மாஸ்டர் சொல்வதுதான் தீர்ப்பு என்று வந்திருந்தேன்.

காதில் கருவி மாட்டிய உதவியாளர் கெய்ட்லின், வரிசையில் ஒவ்வொருவரையும் அன்பாக விசாரித்துக்கொண்டே வந்தாள்.

"நீ என்ன எடுத்திருக்கே, செல்லம்?"

"எங்கம்மா கார் ஓட்டக் கத்துக்கிட்டது."

"அய்யோ, எவ்ளோ அழகு!" என்றவள், திரும்பி நின்று சட்டைக் காலரிடம் ஏதோ முணுமுணுத்தாள். புள்ளியியல் மண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மேடை ஏறும்போதுதான் கார்டைப் பார்த்தேன். நீல ஒட்டுத்தாள். போச்சு! அடுத்த படப்பிடிப்புக்காகக் காலையில் கேமராவில் போட்டு முழுசாக அழித்து வைத்த கார்டு அது. படம் இருந்த கார்டு வீட்டு மேசையில். நான் வாய் திறப்பதற்குள் மாஸ்டர் அதைப் பிடுங்கி நெற்றியில் ஒட்டிவிட்டார்.

"ஸ்டியரிங் தெரியுது... ஒரு அம்மா... நாலாவது நிமிஷம் சிரிக்கிறாங்க. அங்கதான் ஜனங்க தெறிச்சு ஓடுறாங்க. அந்தம்மாவைத் தூக்கிடு, கண்ணு. அப்புறம் பாரு, ராக்கெட்தான்!"

மண்டபம் 'ஆகா' என்றது. அப்போதுதான் அந்தக் கூடாத வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது.

"ஏம்மா, விதி தெரியாதா?" என்றார்.

"நல்லாத் தெரியும். போடுங்க."

போடவில்லை. நானே கார்டை வாங்கி மேடையில் இருந்த லேப்டாப்பில் செருகினேன். பின்னாலிருந்த பெரிய திரை முழுக்க வெள்ளை. நடுவில் ஒரு வரி: 'கோப்பு எதுவும் இல்லை.'

"காலி கார்டு இது. அந்த நாலாவது நிமிஷம் எங்க, மாஸ்டர்?"

"நீ சந்தேகப்பட்டே. படம் பயந்து ஓடிருச்சு!"

"எங்கம்மா கதையை நான் சொன்னது ஒரே ஒருத்திகிட்டதான். அவ அதைக் காலர் மைக்ல உங்க காதுக்கு ஓதிட்டா. கெய்ட்லின், காதுல இருக்கிறதைக் கழட்டாதேம்மா, எல்லாரும் பாக்கட்டும்."

"அட, என்கிட்டயும் கேட்டாளே!" என்றார் பல் டாக்டர். அவர் கை கழுத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியது. சிலர் தலை குனிந்துகொண்டார்கள். பார்பிக்யூக்காரர் மட்டும் எழுந்தார். "காலி கார்டையே படிச்சிட்டாரய்யா! இதுவல்லவோ சக்தி!" பாதி மண்டபம் கைதட்டியது.

மைக்கைப் பிடித்தேன். "கார்டை அழிச்சது நான். உங்க மூளையை யாரு அழிச்சா? அதையும் ஒருதரம் போட்டுப் பாருங்க!"

சிவப்புக் கயிற்றைக் கழற்றி மைக்கில் மாட்டிவிட்டு நடந்தேன். என் படத்தின் நாலாவது நிமிடத்தில் அம்மா சிரிக்கவே இல்லை. என்னைக் கண்டபடி திட்டுகிறாள். ஒரு வசவைக்கூட வெட்டப்போவதில்லை.