வலது பக்கத்துச் சத்தம்

ஹாலிஎல,
வெள்ளிக்கிழமை.

பேரன்புக்குரிய மச்சான் சுரேஸ் அவர்களுக்கு,

இங்கே மழையைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே கோபத்தைத் தவிர மற்றபடி நீங்களும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

மூன்று நாளாக நீங்கள் போனை எடுக்காததால், நாளை அங்கே கட்டாருக்குத் திரும்பும் ரமேஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மகள் தர்மிளாவின் நிச்சயதார்த்தத்துக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. நீங்கள் கண்குளிரப் பார்க்கட்டும் என்றுதான் நானே வீடியோ எடுத்து, அவளுடைய லெப்டொப்பில் எடிட் செய்யவும் உட்கார்ந்தேன். படம் அருமை. ஆனால் மேளச் சத்தத்தில் பிள்ளை பேசிய ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. "மாமா, மேளத்தக் குறைச்சிட்டு பேச்சக் கூட்டுங்க. சத்தத்துக்கு ஏறி எறங்குற பச்சைக் கோடு செவப்பத் தொடக்கூடாது, அவ்வளவுதான்" என்றாள் தர்மிளா. தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருஷம் ரோலர் மெஷினைக் கட்டி மேய்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மேளத்தை அடியோடு இறக்கினேன், பேச்சை மேலே தள்ளினேன், சிவப்பு எட்டிப் பார்த்தால் ஒரு சொட்டுக் குறைத்தேன். என் ஹெட்செட்டில் இடது பக்கம் மட்டும்தான் வேலை செய்யும், வலது பக்கத்துல என்ன ஓடுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது மச்சான். அனுப்பிட்டேன். நீங்களும் ரூம்ல இருக்கிற எட்டுப் பேரையும் கூட்டி வச்சுப் பெரிய டிவியில போட்டுட்டீங்க. தட்டு மாத்துற நேரம் பார்த்து வலது ஸ்பீக்கர்ல, "சுரேஸு இல்லாததும் நல்லதாப் போச்சு. மைக்கக் குடுத்திருந்தா சோறு ஆறிப்போயிருக்கும்" அப்படின்னு ஒரு குசுகுசுப்பு, மேளத்த விடப் பெருசா!

"கல்யாணத்துக்கும் நான் வரல" என்று நீங்கள் போனை வைத்ததிலிருந்து தர்மிளா சரியாகச் சாப்பிடவில்லை. குசுகுசுப்பில் யார் குரல் என்று பிடிபடாது. ஆனால் கமராவோடு நின்றவன் நான். அந்த நேரத்தில் அப்படியே நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆகவே சொன்னவனும் நான்தான். வாய் தவறிருச்சு. என்னைத் திட்டுங்க, பிள்ளையத் தண்டிக்காதீங்க. தை மாசம் தாரை வார்க்க நீங்க வந்து நிக்கணும். மைக்க நானே உங்க கையில தர்றேன்.

உங்களுக்கு நீண்ட ஆயுளும் உடனடி லீவும் கிடைக்க வேண்டும்,
மன்னிப்பை எதிர்பார்க்கும்,
கந்தப்பன்.

பி.கு.: கவரை ஒட்டும் முன் உங்கள் அக்கா நல்லம்மா இதைப் பிடுங்கிப் படித்தாள். "ஏங்க, நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? ஒங்களுக்குப் பின்னால நின்னு அதச் சொன்னது நானு. என் தம்பிய நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். கடிதம் வாங்க வந்த ரமேஸின் போனிலிருந்து இப்போது உங்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். "சரிக்கா... வாறேங்கா..." என்று நீங்கள் சொல்வது வாசல்வரைக்கும் தெளிவாகக் கேட்கிறது.