பக்கத்துக் கட்டிலில் அத்தை

பயாலஜி வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில்தான் பாடம் எடுப்பார்கள். எனக்கு அது முற்றிய நிலை.

சுனாமி வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கடலுக்கு நடுவே தீவில், கராச்சர்மா என்ற ஊரில் குடியிருந்தோம். என் மனைவி செல்விக்குத் தலைப்பிரசவம். தேதி தாண்டியும் வலி வரவில்லை.

"பனிக்குட நீர் குறையுது. நாளைக்கே டிரிப் போட்டு வலி வரவைக்கணும். இண்டக்‌ஷன்தான்" என்றார் டாக்டரம்மா.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா பக்கத்துல இல்லாம என்னால முடியாதுங்க."

அத்தை அப்போது சென்னையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். (விமானம் என்றால் அதைவிடப் பயம்.) மகளுக்காகத்தான் ஏறியிருந்தார்.

"உங்கம்மாவைப் பக்கத்துல கொண்டுவர்றது என் பொறுப்பு" என்று மார்தட்டிவிட்டு டாக்டரிடம் திரும்பினேன். "மேடம், எங்க பாடத்துலயும் இண்டக்‌ஷன் இருக்கு. கருவுல ஒரு திசு பக்கத்துத் திசுவைத் தூண்டினாத்தான் கண்ணே உருவாகும். அததுக்கு ஒரு நேரம் இருக்கில்லையா? கப்பல் வந்து சேரட்டுமே..."

வரிசையில் இருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"சார், அந்தப் பாடத்தை நானும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். உங்க குழந்தை கப்பல் டைம் பார்த்துக்கிட்டு உள்ளே உட்காரணுமா?"

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவளுக்கு டிரிப் ஏறியது. நான் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கு ஓடினேன். நல்லவேளை, கப்பல் வந்துவிட்டது. அத்தையைத்தான் இரண்டு பேர் தாங்கிப்பிடித்து இறக்கினார்கள். வழியெல்லாம் வாந்தியாம். ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தேன். வார்டுக்குள் நுழைந்ததும் பினாயில் வாடை. அவ்வளவுதான், ஆள் அப்படியே சாய்ந்துவிட்டார். மகளுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே போட்டு அவருக்கும் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"மாஸ்டர்ஜி, ஆப்கா பேஷண்ட் கௌன்?" என்று, என் பேஷண்ட் யாரெனக் கேட்டார் வங்காளி நர்ஸ். நான் இரண்டு கட்டிலையும் காட்டினேன்.

வலி வந்தது. "அம்மா!" என்று செல்வி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அதுவரை கண்ணைத் திறக்காத அத்தை எழுந்து, குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே போய் மகள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கேன்டி கண்ணு, அம்மா இருக்கேன்டி."

லேபர் ரூம் வாசல்வரை இரண்டு ஸ்டாண்டும் சேர்ந்தே போயின. மருந்து செய்யாததை மகளின் ஒரு சத்தம் செய்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. நல்லவேளை, பாடம் எடுக்கத் தோன்றவில்லை.

மகன் பிறந்தான். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டுமுன் செல்வி ஆரம்பித்துவிடுவாள். "அம்மா பக்கத்துல இருக்கணும்னுதானே சொன்னேன்? பக்கத்துக் கட்டில்ல இருக்கணும்னா சொன்னேன்?"

அத்தை மட்டும் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார். "சும்மா இருடி. மாப்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாத்துனாரா இல்லையா?"