பூனை மேல் போட்ட பழி

இதைச் சொல்வதற்குள் எங்கேயாவது பிசகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நடுவில் டாக்டர் சொன்ன விஷயம் வேறு வருகிறது. நானோ மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அடுத்த வீட்டுத் தாயம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன். தப்பிருந்தால் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாயம்மாவின் புருஷன் பொன்னுரங்கம் மயிலாப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுப்பவர். அவருக்கு அடிக்கடி உடம்பெல்லாம் காணாக்கடி. அப்பளம் பொரிந்ததுபோல் தடிப்புகள், ஒரே அரிப்பு. போன தடவை உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விசிலடித்தது. அடுத்த தடவை மூச்சே நின்றுவிட்டால்? தாயம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இறால் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். வீட்டில் வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

"வெளியில எங்கனா இறால் துன்னீங்களா?"

"இறாலா? அது மூஞ்சியப் பார்த்தே வருஷமாச்சு! எல்லாம் உன் பூனையாலதான். அது மயிர் பட்டாலே எனக்கு ஆவல. நாளைக்கே கோணியில கட்டிக் கொட்டிவாக்கத்துல வுட்டுட்டு வரப்போறேன்!"

தாயம்மா பூனையை வாரி எடுத்துக்கொண்டாள். ராணி அவள் மடியில் வளர்ந்த பூனை. பொன்னுரங்கத்தை அது ஏறெடுத்தும் பார்க்காது. அவருக்கு அரிப்பு வரும் நாளில் மட்டும் விரலை விடாமல் நக்கும்.

அவள் யோசித்தாள். பிறகு தேனாகப் பேசினாள்.

"பூனைதான்னு டாக்டர் சொல்லட்டுங்க. நானே கோணியில கட்டித் தரேன்."

பொன்னுரங்கம் மாப்பிள்ளை போல் ஜிப்பா போட்டுக்கொண்டு ஆழ்வார்பேட்டை டாக்டரிடம் கிளம்பினார். தாயம்மா ஒரு முடிச்சில் பூனைமயிர் எடுத்துக்கொண்டாள். இன்னொரு முடிச்சில் என்ன என்று அவர் கேட்கவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். எளிமையாகச் சொன்னார்.

"நம்ம ரத்தத்துல காவக்காரங்க இருக்காங்கம்மா. கிருமி வந்தா அடிச்சு விரட்டுவாங்க. சில பேருக்கு அவங்க புத்தி பிசகிப்போகும். சாப்பிடற ஒரு பண்டத்தைத் திருடன்னு நினைச்சு முகத்தை ஞாபகம் வச்சுக்குவாங்க. அது மறுபடி வந்தா, வீட்டையே ரெண்டு பண்ணிடுவாங்க. அந்த ரகளைதான் இந்தத் தடிப்பு. ஏன் பிசகுதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாப் புரியல."

"அப்போ, சின்ன வயசுல ஒத்துக்கிட்டது இப்ப ஒத்துக்காதா டாக்டர்?"

"தாராளமா நடக்கும்."

பொன்னுரங்கம் இருமினார்.

டாக்டர் அவர் கையில் இரண்டு இடத்தில் லேசாகக் கீறி, தாயம்மா கொடுத்த இரண்டு முடிச்சிலும் இருந்ததைத் தனித்தனியே கரைத்துச் சொட்டு விட்டார். எது எது என்று சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, மூச்சு அடைத்தால் போடுகிற ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு கீறல் சும்மா கிடந்தது. மற்றொன்று மெதுவடை போல் உப்பியது.

பொன்னுரங்கம் துள்ளினார். "பாத்தியா! பூனை! நான் அப்பவே சொன்னேனே! கோணிய எடு!"

"அது இறால்" என்றார் டாக்டர். "உங்க சம்சாரம் இறால் கருவாட்டைப் பொடிச்சுக் கொண்டாந்தாங்க. பூனைமயிர் வச்ச இடம் இது, பாருங்க, சுத்தமா இருக்கு. இறாலைத் தொடாதீங்க, நூறு வயசு இருப்பீங்க."

தாயம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. வரும் வழியிலேயே சாந்தோமுக்குப் போய், அவர் கடை விட்டு வரும் பாதையில் கடற்கரையோரம் மீன் வறுத்து விற்கும் அந்தோணியம்மாளைப் பிடித்துவிட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும்க்கா? 'ஊட்ல பொண்டாட்டி பட்டினி போடறா'ன்னு சொல்லிக்கினு நின்னாரு. பாவமேன்னு வறுத்துக் குடுத்தேன்!"

பொன்னுரங்கம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது மாலையில் அவர் வீட்டுக்கு வந்தால் வாசலில் ராணி உட்கார்ந்திருக்கும்.

"எனக்குப் பூனையா காவல்?"

"உள்ள கீற காவக்காரனுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சே. வெளியில ஒருத்தியாவது ஒழுங்காப் பாக்கட்டும். கையை நீட்டுங்க!"

நீட்டுகிறார். ராணி மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் கதவு திறக்கும். அதற்குப் பிறகு ஒரு தடிப்புகூட வரவில்லை. தாயம்மா நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. இருந்தாலும் வெளியில் எங்கே கை நனைத்துவிட்டு வருகிறாரோ என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ராணி போட்ட குட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.