ஆடிப்பெருக்கன்று வேதா ஊரில் இல்லை

தப்பான தேதியைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவனைச் சுப காரியங்களுக்குப் பக்கத்தில் விடக்கூடாது. நான் அந்த ரகம்.

என் தங்கை வேதவல்லிக்கு மேல்வரிசையில், முன்பற்களுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு பல் பிறவியிலேயே கிடையாது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், அவளுக்குப் பதினேழு வயதில், திருச்சியில் ஒரு பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "எலும்புக்குள்ளயும் இல்லீங்க" என்றார். கம்பி கட்டி மற்றப் பற்களை நெருக்கி இடைவெளியை மூடலாம், இரண்டு வருஷமாகும். தகட்டில் பொய்ப்பல் வைத்துப் பக்கத்துப் பல்லில் சின்னக் கம்பிக் கொக்கியால் மாட்டலாம், இரண்டு வாரம் போதும். அப்படியே விட்டாலும் கெடுதலில்லை. (அத்தனையையும் அன்றே டைரியில் எழுதிவிட்டேன்.) தை மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்ததால் அப்பா தகட்டுக்குச் சம்மதித்தார்.

பிறவிக் குறை என்றால் பேரன் பேத்திக்கும் வருமோ என்று பிள்ளை வீட்டார் பயப்படுவார்கள். ஆகையால் பல் விழுந்துவிட்டதாகச் சொல்வதென்று வீட்டில் முடிவாயிற்று. நானும் தலையாட்டினேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் கூடத்தில் வேதா ஒரு பாசுரம் பாடி முடித்தாள். பிள்ளையின் அம்மா, "பல்லோரத்துல என்னமோ கம்பி மின்னறதே?" என்றாள்.

"காவேரிப் படித்துறையில கொழந்தை வழுக்கி விழுந்துட்டா. போன ஆடிப்பெருக்கன்னிக்கு," என்றார் அப்பா.

பொய்யைப் பொறுத்துக்கொண்டேன். தேதியைப் பொறுக்க முடியவில்லை.

"ஆடிப்பெருக்கன்னிக்கு வேதா ஊர்லயே இல்லையேப்பா. லால்குடியில அத்தையாத்துல இருந்தா."

"அப்போ வேற என்னிக்கோ," என்றார் அப்பா, என்னைப் பாராமல்.

"என்னிக்கு?" என்றார் பிள்ளையின் மாமா.

அவள் காவேரிக்குப் போன வேறு நாள் ஒன்றைக் கண்டுபிடித்து அப்பாவைக் காப்பாற்றிவிடலாம் என்று (என் சமர்த்து அப்படி) உள்ளே போய் டைரியை எடுத்து வந்தேன். நான் புரட்டிக்கொண்டிருக்கும்போதே மாமா அதை மெல்ல வாங்கிக்கொண்டார். "பிறவியிலேயே இரண்டு பல் இல்லை" என்று உரக்கப் படித்தார். என் கையெழுத்து அவ்வளவு தெளிவு.

"ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று எழுந்தார்கள். தாம்பூலத்தைத் தொடவில்லை. லெட்டரும் வரவில்லை.

வேதா மறுநாளே தகட்டைக் கழற்றி வைத்துவிட்டாள். பிறகு வந்த இரண்டு இடங்களும் விஷயம் தெரிந்து நழுவின. அவள் டிரெயினிங் முடித்து டீச்சரானாள். கல்யாணம் மட்டும் நடக்கவில்லை.

இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது ஜாதகம் எடுத்தால், "மொதல்ல அண்ணாவைக் கொல்லைப்பக்கம் அனுப்புங்கோ" என்பவள் அவள்தான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் வாய்விட்டுச் சிரிப்பாள், இரண்டு இடைவெளியும் தெரிய. ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம்.