பெருமாளுக்குப் பாகல் பூ

காபிக்காக மனுஷன் எந்தப் பாவத்துக்கும் துணிவான். நான் துணிந்தது புண்ணியத்துக்கு.

மயிலாப்பூரில், மூன்றாவது மாடியில், எங்கள் பால்கனித் தொட்டியில் என் மனைவி ஜானு பாகல் கொடி போட்டிருந்தாள். காரணம், என் ரத்தத்தில் ஏறியிருந்த சர்க்கரை.

"ஏன்னா, முதல் காய் காய்க்கிற வரைக்கும்தான் காலம்பற காபி. அப்புறம் பாகக்கா ஜூஸ்."

"காய்க்கலேன்னா?"

"ஆயுசுக்கும் காபி குடிச்சுக்கோங்கோ."

வாக்குக் கொடுத்துவிட்டாள். இனிமேல் சண்டை எனக்கும் கொடிக்கும்தான்.

கீழ் ஃப்ளாட் பஞ்சாட்சரம், காலேஜில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். நேராக அவரிடம் போனேன்.

"சார், இந்தப் பாகல் எப்படிக் காய்க்கறது?"

"ஒரே கொடியிலதான் சார், ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்கு அடியில குட்டியூண்டு காய் மாதிரி இருக்கும், அது சூலகம். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். ஆண் பூ மகரந்தம் பெண் பூவுல பட்டாத்தான் காய். இல்லேன்னா வாடி உதிர்ந்துடும். நம்ம மாடிக்குத் தேனீ அவ்வளவா வராது, அதனால நாமளே..."

"போதும் சார்!" எழுந்து வந்துவிட்டேன். கெட்டிக்காரனுக்குப் பாதி வகுப்பு போதும்.

மறுநாள் விடிந்ததும் பால்கனியில் ஆண் பூக்களை ஒன்று விடாமல் பறித்துத் தட்டில் வைத்தேன். ஜானு பார்த்துவிட்டாள்.

"என்ன இது?"

"பெருமாளுக்கு."

"பாகப் பூவையா? யாராவது சாத்துவாளா?"

"மஞ்சப் பூன்னா அவருக்குப் பீதாம்பரம் மாதிரிடீ."

"இந்த வயசுலயாவது உங்களுக்கு பக்தி வந்துதே!" என்று தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. டிகாக்‌ஷன் வாசனை வந்ததும் சரியாகிவிட்டது.

அதன்பிறகு தினமும் இதே கைங்கரியம். பூப் பறிப்பேன், தட்டைக் கூடத்தில் வைப்பேன், குளிக்கப் போவேன். வருவதற்குள் அவளே சாத்தியிருப்பாள். பால்கனியில் பெண் பூக்கள் ஒவ்வொன்றாக வாடி விழுந்தன. எனக்குப் பரம சந்தோஷம்.

நேற்றுக் காலை டம்ளர் வந்தது. பச்சையாக.

"ஜானு! காபி எங்கே?"

"காய் காய்ச்சாச்சே."

"எங்கே காய்ச்சுது? நான்தான் தினம் பார்க்கறேனே!"

"அடுக்களை ஜன்னல் பக்கம். கொடி அங்கே படர்ந்து எத்தனையோ நாளாச்சு. நீங்க அடுக்களைக்குள்ள வந்தாத்தானே?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். கம்பி முழுக்கக் காய் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆண் பூவை எல்லாம் நான்தான் பறிச்சுட்டேனே..." உளறிவிட்டேன்.

"பறிச்சுத்தானே ஆகணும்? இதழைக் கிள்ளிட்டுப் பெண் பூவுல தடவணும். ஜன்னல் பக்கம் பெண் பூதான் ஜாஸ்தி; பால்கனியில குனிஞ்சு ஆண் பூ பறிக்க என் முழங்கால் இடம் குடுக்கலை. நீங்கதான் தட்டுல கொண்டு வந்து வெச்சேள். நாலஞ்சு கொடிக்கு, மீதி பெருமாளுக்கு. பஞ்சாட்சரம் மாமா சொல்லிக் குடுத்தார். நீங்க பாதியிலேயே எழுந்து வந்துட்டேளாமே?"

"நாளைலேர்ந்து நான் பூப் பறிக்க மாட்டேன்!"

"அபசாரம்! பெருமாளுக்குன்னு ஆரம்பிச்சுட்டு நிறுத்தப்படாது."

இன்று காலையும் தட்டு நிறையப் பறித்தேன். ஜானு அடுக்களையில் தனக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.