மாமனாரின் மஞ்சள் பிரஷ்

கார் கூரையில் கிடந்த பனியை ஒரே இழுப்பில் தள்ளிவிடலாம் என்று ஹால்வார் நினைத்ததுதான் தப்பு. 'டக்' என்று ஒரு சத்தம். கையில் கம்பு மட்டும் மிச்சம். தலைப்பாகம் வேலியோரப் பனிக்குள் குப்புறக் கிடந்தது.

உடைந்தது வெறும் துடைப்பமாக இருந்திருந்தால் கதையே இல்லை. அது பல் துலக்கும் பிரஷ். மூன்று மீட்டர் நீளம், பளீர் மஞ்சள். போடோ ஊர்க் கால்பந்து கிளப் ஆடும் நாளெல்லாம் ரசிகர் ஊர்வலத்தின் முன்னால் அதுதான் போகும். ஹால்வாரின் மாமனார் உல்ரிக் இளமையில் தன் கையால் செய்தது. இரண்டாம் டிவிஷனில் மண்ணைக் கவ்விக் கிடந்த கிளப் நாட்டுக்கே சாம்பியன் ஆனதும், ஐரோப்பாவின் பணக்கார அணிகளெல்லாம் வடதுருவ வட்டத்தைத் தாண்டி வந்து குளிரில் உதை வாங்கிக்கொண்டு போவதும் இந்தப் பிரஷ்ஷின் ராசி என்று ஊரே நம்பியது.

மாமனார் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து பிரஷ் ஹால்வாரின் பொறுப்பு. வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் உல்ரிக் அதை வாங்கிப் போய், புது வர்ணம் அடித்துத் திருப்பித் தருவார். இந்த வருஷம் தோள்பட்டை வலி என்று வாங்கவில்லை. கிளப்பும் இந்த வருஷம் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தது. இன்று சாயங்காலம் இத்தாலி அணியோடு ஆட்டம். தோற்றால் ஐரோப்பாக் கனவு காலி.

எல்லாம் அந்தச் சின்னப் பனித்துடைப்பத்தால் வந்த வினை. எப்போதும் காருக்குள் கிடக்கும். இன்று பார்த்து அதைக் காணோம்; கைக்குக் கிடைத்த மஞ்சள் பிரஷ்ஷை எடுத்துவிட்டான்.

கைபேசி அலறியது. மாமனார்.

"என்ன மாப்ள, ராத்திரி நல்லா பனி கொட்டியிருக்கே! காரை எடுத்தாச்சா?"

"எ... எடுத்துக்கிட்டே இருக்கேன் மாமா."

"பிரஷ் நல்லா இருக்கில்ல?"

"அதுக்கென்ன மாமா, ஜம்முன்னு இருக்கு."

"ஓ," என்றார் உல்ரிக். குரலில் ஏனோ சுரத்தில்லை. "ஜம்முன்னு இருக்கா... சரி, சரி."

ஹால்வார் கைபேசியைப் பைக்குள் திணித்தான். மனைவி ரண்டி காலையிலேயே ஸ்டேடியத்துக்கு வாஃபிள் சுடப் போய்விட்டாள். அவள் திரும்புவதற்குள் ஒட்டிவிட வேண்டும்.

படகுக்குப் பூசும் பிசின் கிடைத்தது. தடவி ஒட்டினான். பிறகுதான் டப்பாவைப் படித்தான்: ஒரு நாள் முழுக்கக் காய வேண்டுமாம். அதுவும் வெதுவெதுப்பான இடத்தில்.

வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் நீராவிக் குளியலறை. அடுப்பை மூட்டி, பிரஷ்ஷின் தலையை உள்ளே நீட்டி, கம்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது பிசின் காய்ந்திருந்தது. ஆனால் நைலான் முடியெல்லாம் சூட்டில் சுருண்டு, செம்மறியாட்டின் முதுகு மாதிரி ஆகியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பியோர்னார் எட்டிப் பார்த்தான். மீன்பிடிப் படகுக்காரன். வசவு இல்லாமல் அவனுக்கு வாய் திறக்காது.

"அடக் குதிரைப் பயலே! பிரஷ்ஷுக்கு பியூட்டி பார்லர்ல சுருட்டை வச்சியா?"

"கத்தாதடா! ஊர் கேக்கப் போவுது."

"ஊர் கேட்டா உன்னை உப்புக்கண்டம் போட்டுருவாங்க. தள்ளு, நான் பாத்துக்கறேன்."

பியோர்னார் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: சுருண்ட முடியைப் பிடுங்கினான். படகுத் தளம் தேய்க்கும் பிரஷ்ஷிலிருந்து பச்சை முடியை வெட்டி வந்து ஆணி அடித்துப் பதித்தான். ஆணி அடித்த அடியில் ஒட்டிய இடம் மறுபடியும் பிளந்தது. அதைத் தூண்டில் நரம்பால் வரிந்து கட்டினான். முடிவில் எல்லாவற்றின் மேலும் மஞ்சள் வர்ணத்தைக் கொட்டினான்.

"இப்போ எப்படி?"

"அடிபட்ட வாத்து மாதிரி இருக்கு."

"தூரத்துலேந்து பாத்தா தெரியாது."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இத்தாலியப் பத்திரிகைக்காரி, பெயர் டொனாடெல்லா. கண்ணுக்கு மட்டும் கோட்டு போடாமல், மற்ற இடமெல்லாம் போர்த்தியிருந்தாள்.

"ஹால்வார் நீங்கதானே? அந்த பிரஷ்ஷைப் பாக்கணும். உங்க ஊர் ஜனமெல்லாம் சேந்தாலும் எங்க ஸ்டேடியம் ரொம்பாது. எப்படி எங்களை ஜெயிக்கறீங்க? காலையிலேந்து கேட்டுக்கிட்டு இருக்கேன், ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

"காத்துதான் காரணம்," என்றான் ஹால்வார், பிரஷ்ஷை முதுகால் மறைத்தபடி.

"காத்தா? அது ரெண்டு டீமுக்கும்தானே அடிக்குது?" என்றான் பியோர்னார். "செயற்கைப் புல்லும்மா. அதுல இவனுங்க பனியிலயும் ஓடுவானுங்க."

"செயற்கைப் புல்லு எத்தனையோ ஊர்ல இருக்கே? சரி, ஏன் பல் பிரஷ்? ஏன் சீப்பு இல்லை, ஏன் கரண்டி இல்லை?"

இருவரும் பிறந்ததிலிருந்து பார்க்கும் பிரஷ். இந்தக் கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றியதே இல்லை. ஹால்வாருக்கே இப்போது தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"மாமாவைத்தான் கேக்கணும்," என்றான்.

"இது என்ன, நரம்பு கட்டியிருக்கு?" என்று குனிந்து தொட்டாள் டொனாடெல்லா. கையுறை மஞ்சளானது. பதறிக் கையை உதறியதில் கோட்டும் மஞ்சளானது.

"ஐயோ, என் டீமுக்காரங்க என்னைப் பாத்தா என்ன நினைப்பாங்க!"

"நம்ம ஊருக்கு மாறிட்டீங்கன்னு நினைப்பாங்க," என்றான் பியோர்னார் சந்தோஷமாக.

சாயங்காலம் ஸ்டேடியத்தில் முன்வரிசையில், கம்பளிப் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார் உல்ரிக். மஞ்சள் கறையோடு டொனாடெல்லா இரண்டு வரிசை தள்ளி வந்து அமர்ந்தாள். ஹால்வார் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு மாமனாரின் கண்ணில் படாமல் கூட்டத்தின் மறுகோடிக்குப் போய்விட்டான். வாஃபிள் கொண்டுவந்த ரண்டி ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, பிரஷ் ஏன் ஒரு பக்கமா சாயுது?"

"காத்து."

"பச்சையா முடி தெரியுது?"

"வெளிச்சம்."

"உங்க மூஞ்சி ஏன் வெளிறிப் போச்சு?"

"குளிரு, குளிரு. நீ போய் வாஃபிளைப் பாரு, கருகப் போவுது."

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே இத்தாலிக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். முதல் பாதி முழுக்க மஞ்சள் சட்டைக்காரர்கள் அடித்த பந்தெல்லாம் கம்பத்திலும் காற்றிலும் போய் மோதியது. தோற்றால் குற்றவாளி ஒருவன்தான் என்பது ஹால்வாருக்குத் தெரியும்.

இரண்டாம் பாதியில், "தூக்கு ஹால்வார்! நல்லா தூக்கு!" என்று கூட்டம் கத்தியது. வேறு வழியில்லை. உயரத் தூக்கினான். கடலிலிருந்து வந்த ஒரு காற்று பிரஷ்ஷைப் பிடித்து உலுக்கியது. நரம்பு அறுந்தது. பிரஷ்ஷின் தலை பறந்து, முன்வரிசை நாற்காலிகளைத் தாண்டி, உல்ரிக்கின் காலடியில் போய் விழுந்தது.

ஹால்வார் தட்டுத் தடுமாறி ஓடி, மாமனார் முன்னால் நின்றான்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. நான்தான் ஒடச்சேன். காலையில, பனி தள்றப்ப."

உல்ரிக் தலைப்பாகத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒடச்சுட்டு ஒட்ட வச்சியா?"

"ஆமா மாமா..."

"மடையா! அதான் முதல் பாதி பாழாப் போச்சு!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. ஸ்டேடியம் வெடித்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள் சமன் செய்துவிட்டார்கள். மக்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்ட அந்தக் களேபரம் ஓயுமுன் இன்னொரு கோல். ரண்டியின் வாஃபிள்கள் வானத்தில் பறந்தன.

ஹால்வார் மாமனார் பக்கம் திரும்பினான். "என்ன மாமா நடக்குது?"

உல்ரிக் அவன் காலரைப் பிடித்துக் கீழே இழுத்தார். "நான் செஞ்ச முதல் பிரஷ் வருஷக்கணக்கா இருந்துச்சே, அப்போ நாம என்னத்தைக் கிழிச்சோம்? இரண்டாம் டிவிஷனுக்கு எறங்கின அன்னிக்கு ஆத்திரத்துல அதை மிதிச்சு ஒடச்சேன். யாருக்கும் தெரியாம புதுசு செஞ்சேன். மறு வருஷமே மேல வந்தோம். அதுலேந்து வருஷா வருஷம் வர்ணம் அடிக்கறேன்னு வாங்கிட்டுப் போய் ஒடச்சுட்டு, புதுசுதான் குடுக்கறேன்."

"அப்போ இந்த வருஷம்?"

உல்ரிக் சுற்றுமுற்றும் பார்த்தார். டொனாடெல்லா கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் குரலை இன்னும் தாழ்த்தி, போர்வைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து ஹால்வாரின் கையில் வைத்தார்.

"தோள் வலியில என்னால ஒடைக்க முடியல, மாப்ள; அதான் நேத்து காப்பி குடிக்க வந்தப்ப உன் பனித்துடைப்பத்தை எடுத்துட்டுப் போனேன்."