ஊசி மாதிரி ஆறு அம்புகள்

மேசைக் கண்ணாடியில் உருட்டிவிட்ட அம்பு வழுக்கிக்கொண்டு ஓடாமல், தண்ணி போட்டவன் மாதிரித் துள்ளித் துள்ளிப் போனது.

"திரும்பவும் கோணிப்போச்சு!" என்று தலையில் கைவைத்தான் கொட்வின்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் பாதிப்பேர் வீட்டுச் சமையலறை அலுமாரிகள் அவன் தச்சுவேலை செய்து பொருத்தியவைதான். மனைவி எமில்டா வில்வித்தைக் கிளப்பில் சேர்ந்தபோது, "நான் இருக்கேக்கை உமக்குக் கடை அம்பு ஏன்?" என்று பைன் மரத்தைச் சீவி, உரஞ்சி, இறகு ஒட்டி ஆறு அம்பு செய்து கொடுத்தான். பிறகு தண்டுகளை நேராக்கும் வித்தையையும் வீடியோ பார்த்துப் பழகிக்கொண்டான். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊசி மாதிரி நிமிர்த்திவிடுவான். சனிக்கிழமை பயிற்சி முடிந்து வரும்போது ஆறும் வளைந்து வரும்.

வில்வித்தைப் போட்டியோ கிட்டி வந்துவிட்டது.

"கிளப்பிலை அலுமினிய அம்பு தரலாம் எண்டு சொல்லுகினம்," என்றாள் எமில்டா.

கொட்வினின் முகம் சுருங்கியது. "நீர் என்ன சொன்னீர்?"

"என்ரை மனுசன் செய்த அம்பே எனக்குக் காணும், வேறை வேண்டாம் எண்டன்."

அவன் நெஞ்சு அகன்றது. அந்த ஒரு சொல்லுக்காகவாவது அம்பு நேராக நிற்க வேண்டும்!

தண்டை ஆவியில் சூடாக்கி, மேடான இடத்தை உள்ளங்கையால் அழுத்தினால் நிமிரும். அடுப்பில் புட்டுப்பானை கொதித்துக்கொண்டிருந்தது. அம்பு நிமிர்ந்தது, புட்டு முழுக்க மரப்பிசின் மணத்தது. எமில்டா சம்பலை அதிகமாகப் போட்டுச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை அம்புகள் முந்தியதைவிடக் கூட வளைந்து வந்தன.

"லண்டன் ஈரம்! அதுதான் வேலை காட்டுது," என்றான் கொட்வின்.

அடுத்த முறை தண்டுகளுக்கு எண்ணெய் பூசி, சுடுதண்ணீர்ப் பொயிலர் இருக்கும் அலுமாரிக்குள் தூக்கி, பாரத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு டின் மீனைக் கட்டித் தொங்கவிட்டான். ஒரு கயிறு அறுந்தது. விழுந்த டின் குழாயைப் பதம் பார்த்தது. பொயிலர் நின்றது. எமில்டா பச்சைத்தண்ணீரில் நடுங்கி நடுங்கிக் குளித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

அம்புகள் நிமிர்ந்தன. சனிக்கிழமை வளைந்தன.

கொட்வின் விடவில்லை. மிஞ்சிய அலுமாரிப் பலகையில் ஒரு பெட்டி அடித்து, அம்புகளை உள்ளே வைத்து, மூடியைச் சுற்றிவர ஸ்குரூவால் இறுக்கினான்.

"இஞ்சேருங்கோ, இதை எப்பிடித் திறக்கிறது?"

"திறக்கப்படாது. திறந்தால் ஈரம் உள்ளுக்குப் பூரும்."

"திறக்காமல் எப்பிடியப்பா எய்யிறது?"

கொட்வின் சற்று யோசித்தான். பிறகு ஒரு ஸ்குரூ டிரைவரையும் கையில் கொடுத்துவிட்டான். அந்தச் சனிக்கிழமை வந்த அம்புகளில் ஒன்றைப் பார்த்தால், அம்பு எது வில் எது என்று சந்தேகம் வரும்.

போட்டியன்று அவன் வேலைக்கு லீவு போட்டான். ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகும் பிள்ளையைப்போல் பெட்டியை மடியில் வைத்தபடி கிளப் மைதானத்துக்குப் போனான். எமில்டாவோடு பயிற்சி எடுக்கும் தவமலர் அங்கே நின்றாள்.

"பாருங்கோ தங்கச்சி," என்று ஓர் அம்பை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினான். "ஊசி!"

"ஓம் அண்ணை, ஊசிதான்," என்ற தவமலர் எமில்டாவை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பயிற்சி எய்தல் தொடங்கியது. முதல் அம்பு புல்லுக்குள் போனது. அடுத்ததும் புல்லுக்குள்தான். மூன்றாவது பக்கத்து அணியின் இலக்கில் போய்க் குத்தியது. எமில்டா பொறுக்கி வந்த அம்புகளை வாங்கிய கொட்வினுக்கு வியர்த்துவிட்டது.

"நான் ஏதும் பிழை விட்டிட்டனோ எமில்டா? அலுமினியத்தைக் கேப்பமோ?"

"சும்மா இருங்கோ. உங்கடை அம்பு இல்லாமல் நான் எய்யமாட்டன். மாதாவிட்டை ஒருக்கா மன்றாடிப்போட்டு வாறன், அம்புகளைத் தாங்கோ."

ஆறு அம்புகளோடும் தவமலரோடும் மைதான ஓரத்துக் கொட்டிலுக்குப் பின்னால் போனவள், முகம் சிவக்க, மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். உருக்கமான மன்றாட்டுத்தான் என்று பார்வையாளர் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நின்ற கொட்வின் நினைத்துக்கொண்டான்.

அதன் பிறகு எய்ததெல்லாம் இலக்கின் நடு மஞ்சள் வட்டத்துக்குள்! முதற்பரிசு எமில்டாவுக்கு. கிண்ணத்தை வாங்கியவள் கூட்டத்துக்குள் கையை நீட்டி, "அம்பு செய்தவர் அவர்!" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

"என்ரை மனுசி! என்ரை அம்பு!" கொட்வின் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கை கொடுத்தான். பிறகு ஓடிப்போய் இலக்கிலிருந்து அம்புகளைப் பிடுங்கினான். ஆறும் வளைந்திருந்தன.

"அடிச்ச வேகத்தைப் பாத்தியளே தங்கச்சி, தண்டு வளைஞ்சு போச்சு! வாற வெள்ளிக்கிழமைக்கிடையிலை திரும்பவும் ஊசி மாதிரி நிமித்திப்போடுவன்."

தவமலர் அவன் கையை எட்டிப் பிடித்தாள்.

"கடவுளே, வேண்டாம் அண்ணை! நீங்கள் முதன்முதல் செய்து குடுத்த கோணல் அம்பிலைதான் அக்கா எய்யப் பழகினவ. நீங்கள் வெள்ளிக்கிழமை நிமித்த நிமித்த, சனிக்கிழமை கொட்டிலுக்குப் பின்னாலை முழங்காலிலை வைச்சுப் பழையபடி வளைச்சு எங்கள் ரெண்டுபேருக்கும் இடுப்பும் நாரியும் முறிஞ்சு போச்சு!"